ஆறு ஜிபி அத்தான், எட்டு ஜிபி மாப்பிள்ளை

புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்குகிறவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். பணத்தைக் கட்டுவார்கள், பெட்டியைப் பிரிப்பார்கள், விளையாட உட்கார்ந்துவிடுவார்கள். வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் பழைய கார்டு வாங்குகிறவர்கள்தான். பையில் பணம் குறையக் குறைய ஆராய்ச்சி கூடும். லட்ச ரூபாய்க் கார்டை ஒரு சாயங்காலத்தில் தேர்ந்தெடுத்துவிடலாம். ஐயாயிரம் ரூபாய்க் கார்டுக்குக் கோடை விடுமுறை முழுக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் இப்படி இரண்டு ஆராய்ச்சியாளர்கள். ஒருவன் நான். பாளையங்கோட்டைக்காரன், ஐம்பதைத் தாண்டியவன், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவன், ராத்திரி வீடு அடங்கியபிறகு அமெரிக்கக் காட்டில் துப்பாக்கியோடு குதிரை ஓட்டுகிறவன். இன்னொருவன் என் மனைவியின் தம்பி. சென்னையில் வேலை. என்னை ‘அத்தான்’ என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டு, அதே மூச்சில் என் கார்டைக் கேவலமாகப் பேசுகிறவன். என்னிடம் இருப்பது என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060, ஆறு ஜிபி. அவனிடம் இருப்பது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580, எட்டு ஜிபி. இரண்டுமே சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டாம் கையாக வாங்கியவை. பல தீபாவளி, பொங்கல்களை இந்த இரண்டு கார்டுகளில் எது உசத்தி என்று பேசியே கழித்திருக்கிறோம். சொத்துத் தகராறு இல்லாத குடும்பங்களுக்கும் ஏதாவது ஒன்று வேண்டும் அல்லவா?

விவரம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் விளையாட்டில் நாம் பார்ப்பதையெல்லாம் படம் படமாக வரைந்து திரைக்குத் தள்ளுவது கிராஃபிக்ஸ் கார்டின் வேலை. நொடிக்கு அறுபது படம் தள்ளினால் குதிரை வழுக்கிக்கொண்டு ஓடும். முப்பது தள்ளினால் ஓடும். பதினைந்து என்றால் ஒவ்வொரு காலையும் யோசித்து எடுத்துவைக்கும். ஒரு படம் ஒரு ஃப்ரேம், இந்த எண்ணுக்குப் பெயர் எஃப்பிஎஸ். இதை ஐந்து கூட்டுவதற்காக மனிதர்கள் செய்யும் காரியங்களை வேலையில் செய்திருந்தால் எல்லோரும் மேனேஜர் ஆகியிருப்பார்கள்.

என் கார்டு 2016 ஜூலையில் வெளிவந்தது. அமெரிக்காவில் அன்றைக்கு 249 டாலர். அவன் கார்டு 2017 ஏப்ரலில் வந்தது, 229 டாலர். அதை ‘வந்தது’ என்று சொல்லலாமா என்பதிலேயே எனக்கு ஆட்சேபம் உண்டு. 2016 ஜூனில் ஏஎம்டி ஆர்எக்ஸ் 480 என்று ஒன்றை விற்றது. அதே போலாரிஸ் சில்லைக் கொஞ்சம் சீர்செய்து, வேகத்தை ஏற்றி, கூடுதல் கரண்டு குடிக்கவிட்டு, பெயரில் நூறு கூட்டி மறு வருஷம் இறக்கியதுதான் 580. “மாப்ள, உன்னோடது மறுபதிப்பு” என்பேன். “திருத்திய பதிப்பு அத்தான்” என்பான்.

அவனுக்குப் பிடித்த ஆயுதம் டெராஃப்ளாப்ஸ். நொடிக்கு எத்தனை லட்சம் கோடிக் கணக்கு போடும் என்பதைச் சொல்லும் எண் அது.

“அத்தான், உங்களோடது 4.4. என்னோடது 6.2. நாப்பது பர்சென்ட் அதிகம். கணக்கு பேசட்டும்.”

“கணக்கு பேசும் மாப்ள. விளையாடாதே!”

இதில் நான் சொன்னதுதான் நியாயம். காகிதத்தில் நாற்பது சதவீதம் முந்தும் 580, அந்தக் காலத்து விளையாட்டுகளில் 1060-ஐ நாலைந்து சதவீதம் தாண்டினாலே பெரிய காரியம். பலவற்றில் பின்தங்கியது. காரணம் இருக்கிறது. 1060-இல் கணக்குப் போடும் கருக்கள் 1280தான். ஆனால் 1700 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும். 580-இல் 2304 கருக்கள், ஓட்டமோ 1340. தவிர, அப்போது வந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை டைரக்ட்எக்ஸ் 11 என்ற பழைய முறையில் எழுதப்பட்டவை. அந்த முறையில் வேலையை வாங்கிப் பிரித்துக் கொடுப்பதில் என்விடியாவின் டிரைவர் சாஃப்ட்வேர் கெட்டி. ஏஎம்டி பக்கம் 2304 பேர் இருந்தும், பாதிப் பேர் வேலை எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். அரசு அலுவலகம் எதையும் இங்கே நான் குறிப்பிடவில்லை.

பிறகு வல்கன், டைரக்ட்எக்ஸ் 12 என்று புது முறைகள் வந்தன. 2016 ஜூலையில் டூம் விளையாட்டுக்கு வல்கன் வழி திறந்தபோது, சும்மா உட்கார்ந்திருந்த ஏஎம்டி கருக்கள் எழுந்து ஓட ஆரம்பித்தன. அதன்பின் வருஷம் போகப்போக 580 மெல்ல மெல்ல முன்னேறியது. மது நாள்பட நாள்பட ருசிக்கும் என்கிற மாதிரி, ஏஎம்டி கார்டும் நாளானால் மெருகேறும் என்று அதன் ரசிகர்கள் பெருமையடித்துக்கொண்டார்கள். “முதல் நாளே ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா இத்தனை வருஷம் கழிச்சு முன்னேற வேண்டியிருக்காதே” என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

வாய்ப்பேச்சு போதாது என்று ஒரு பொங்கலுக்கு அவன் தன் கம்ப்யூட்டரையே ஊருக்குக் கொண்டுவந்தான். ரயிலில் கேபினெட்டுக்கு ஜன்னலோரம், அவனுக்கு அதன் பக்கத்தில். தூசி படாமல் வெள்ளை வேட்டியால் சுற்றியிருந்ததைப் பார்த்துவிட்டு, எதிர் சீட்டுக்காரர் சாமி விக்கிரகம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றித் தள்ளிவைத்தாராம். அவன் திருத்தவில்லை. பயணம் பத்திரமாக அமைந்தது.

என் மேஜையில், என் மானிட்டரில், ஒரே விளையாட்டு, ஒரே இடம், ஒரே செட்டிங். முதலில் ஜிடிஏ 5. இரண்டு கார்டும் அறுபதை வெகுவாகத் தாண்டின. நான் 84 என்றேன், அவன் 88 என்றான். என் மானிட்டரோ 60 ஹெர்ட்ஸ். அது நொடிக்கு அறுபது முறைக்கு மேல் திரையை மாற்றாது. அவன் கார்டு வரைந்த மீதி இருபத்தெட்டும் என் கார்டு வரைந்த மீதி இருபத்துநாலும் யார் கண்ணிலும் படாமல் போய்ச் சேர்ந்தன. அப்படிக் கண்ணில் படாதவற்றில் யாருடையது அதிகம் என்பதுதான் அரைமணி நேர விவாதம்.

அடுத்து ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. இது இரண்டையும் வியர்க்க வைக்கும் விளையாட்டு. 2019-இல் கம்ப்யூட்டருக்கு வந்தபோது, சிபாரிசுப் பட்டியலில் இருந்ததே 1060 ஆறு ஜிபியும் 480 நாலு ஜிபியும்தான். இங்கே 580 சில ஃப்ரேம் முந்தியதை நான் ஒளிக்கவில்லை. என் மாமியாரும் பக்கத்தில் இருந்ததால் ஒளிக்க முடியவும் இல்லை. மாமியார் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ரெண்டு குதிரையும் ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான் அத்தை. ஓட்டத்துல வித்தியாசம்.”

“எனக்கு ஒண்ணும் தெரியல. அது சரி, காலைலேருந்து ஓட்டுதீங்களே, அதுக்குப் புல்லு கில்லு போட்டீங்களா?”

அந்த விளையாட்டில் குதிரைக்குத் தீனி கொடுக்காவிட்டால் அது நிஜமாகவே சோர்ந்துபோகும். ஓட்டம் குறையும். கார்டைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஒரு கேரட் போதுமானதாக இருந்தது.

வேகத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம் என்று ஆனபிறகு சண்டை மெமரிக்கு வந்தது. ஆறு ஜிபியா, எட்டு ஜிபியா? கார்டின் மெமரி என்பது அடுப்பை ஒட்டிய மேடை. கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளும் சாமான்களுக்கானது. மேடை சிறியதாக இருப்பதால் சமையல் ருசி குறையாது; ஆனால் பெரிய விருந்து என்றால், பாதிச் சாமான் உள்ளறையில் இருக்கும். தாளிக்கும்போது கடுகு எடுக்க எழுந்து ஓடவேண்டியிருக்கும். சுவர், பாறை, முகச்சுருக்கம் என்று எல்லாவற்றின் மேலும் போர்த்தும் ‘டெக்ஸ்சர்’ படங்களைக் கார்டு தன் மெமரியில்தான் வைத்துக்கொள்ளும். மெமரி நிரம்பிவிட்டால் கம்ப்யூட்டரின் பொது மெமரியிலிருந்து கொண்டுவரவேண்டும். அந்த வழி மெதுவானது. சராசரி எஃப்பிஎஸ் அழகாக இருக்கும். ஆனால் வில்லன் சுடும் அந்த ஒரு நொடியில் திரை திக்கும். சராசரி உயிரோடு இருக்கும், நாம் இருக்கமாட்டோம்.

2016-இல் ஆறு ஜிபி என்பது தாராளம். அந்த எட்டு ஜிபி அப்போது வெறும் பந்தா. இன்றைக்கு, புது விளையாட்டுகளில் டெக்ஸ்சரை ஒரு படி உயர்த்தி வைக்கும்போது அவனுக்கு இடம் இருக்கிறது, எனக்கு இல்லை. பந்தாவாக வாங்கிவைத்தது பிற்காலத்தில் உதவும் அநியாயத்தை நகைக்கடைக்காரர்கள் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்திருந்தேன்.

இங்கே நான் விட்டுக்கொடுத்ததும் மாப்பிள்ளை முகத்தில் வெற்றிக் களை வந்தது. உடனே கரண்டு கணக்கை எடுத்தேன்.

1060 முழு வேகத்தில் குடிப்பது 120 வாட். 580 குடிப்பது 185 வாட். வித்தியாசம் 65. தினமும் மூன்று மணி நேரம் விளையாடினால், இரண்டு மாதத்துக்குக் கிட்டத்தட்ட 12 யூனிட். ‘பன்னிரண்டுதானே’ என்று சொல்கிறவர்கள் தமிழ்நாட்டு மின்வாரிய பில்லைச் சரியாகப் படிக்காதவர்கள். இங்கே இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்று ஒரு கோடு இருக்கிறது. 495-இல் நிற்கும் வீடு 507-க்குப் போனால், கூடுதலான ஏழுக்கு மட்டுமா பணம்? கோட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கீழ்ப் படியில் கிடைக்கும் சலுகையும் போய்விடும். கோட்டைத் தாண்டியது குளிர்பெட்டியா, கிரைண்டரா, ஏசியா, கிராஃபிக்ஸ் கார்டா என்று பில்லில் எழுதியிருக்காது. ஆனால் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு எழுதாததும் தெரியும்.

அந்த 65 வாட்டும் காற்றில் கரைந்துவிடுவதில்லை. சூடாக மாறி அறைக்குள்ளேயே இருக்கும். ஐரோப்பாவில் இதை ஒரு வசதியாகக்கூடப் பேசுவார்களாம். பனிக்காலத்தில் கால் குளிராது. அக்னி நட்சத்திரத்தில் சென்னையில் மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் உட்கார்ந்து 580 ஓட்டிப் பார்க்கட்டும். அவன் வீட்டில் மே மாதம் விளையாட்டு விடியற்காலை ஐந்து மணிக்குத்தான். விடியற்காலையில் எழுந்துவிடுகிறான் என்று அவன் பெண்டாட்டி சொந்தத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அதைவிடப் பெரிய செலவு எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள் கரண்டு கொடுக்கும் பெட்டி. 1060-க்கு 400 வாட் எஸ்எம்பிஎஸ் போதும் என்று என்விடியாவே சொல்கிறது. பெரும்பாலான 1060-களில் ஆறு முனை வயர் ஒன்றைச் செருகினால் முடிந்தது. 580-க்கு ஏஎம்டி கேட்பது 500 வாட். எட்டு முனை வயர். நம் ஊரில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில், கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் ஒன்று உண்டு. வெளியே ஸ்டிக்கரில் 450 வாட் என்று இருக்கும். அந்த ஸ்டிக்கர் ஒரு நல்லெண்ணச் செய்தி, அவ்வளவுதான். மாப்பிள்ளை 580-ஐ என் கார்டைவிட ஐந்நூறு ரூபாய் குறைவாக வாங்கினான். போனிலேயே கைதட்டிக்கொண்டான். மாட்டி, விளையாட்டில் முதல் குண்டு வெடித்ததும் கம்ப்யூட்டர் அணைந்தது. அவன் அதைக் கதையின் திருப்பம் என்று நினைத்துச் சில விநாடி காத்திருந்தானாம். புது எஸ்எம்பிஎஸ் கார்டின் விலையில் பாதி ஆனது. பிறகு பழைய யுபிஎஸ் கீச்சிட்டது. 600 விஏ யுபிஎஸ் தருவது சுமார் 360 வாட்தான். அதையும் மாற்றினான். ஐந்நூறு ரூபாய் மிச்சப்படுத்த இவ்வளவு செலவு செய்தவன் எங்கள் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

ஆனால் 580-க்காரர்களிடம் ஒரு வித்தை இருக்கிறது, அதையும் சொல்லிவிடவேண்டும். கார்டுக்குப் போகும் மின்னழுத்தத்தைச் சாஃப்ட்வேரில் கொஞ்சம் குறைத்துவிட்டால் வேகம் அநேகமாக அப்படியே இருக்கும். சூடு கண்ணுக்குத் தெரிந்து குறையும். தொழிற்சாலையில் எல்லாச் சில்லும் ஓடட்டும் என்று தாராளமாகவே வோல்டேஜ் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். மாப்பிள்ளை இதைச் செய்தபிறகு ஆறு மணிவரைக்கும் விளையாட முடிகிறது.

இனி வாங்குகிற கதை. பழைய கார்டை ஒப்பிடுகிறவர்கள் எல்லோரும் பட்டியலில் உள்ள 1060-ஐயும் 580-ஐயும் ஒப்பிடுகிறார்கள். கடையில் அந்த இரண்டும் கிடைப்பதில்லை. கடையில் கிடைப்பது இதற்கு முன்னால் எங்கேயோ குடித்தனம் நடத்திவிட்டு வந்த ஒரு 1060, ஒரு 580.

அண்ணா சாலையிலிருந்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் திரும்பினால் நரசிங்கபுரம் தெரு வரைக்கும் ஒரே கூட்டம். ஒரு படி ஏறினால் ஒரு கடை. அந்தப் படிக்குக் கீழேயும் ஒரு கடை. “சார், என்ன பாக்குறீங்க? பில்லோடயா, பில் இல்லாமலா?” என்பதுதான் வரவேற்பு. பில்லோடு என்றால் ஒரு விலை. இல்லாமல் என்றால் ஒரு விலை. அதற்கு ‘செக்கிங் வாரண்டி’ உண்டு. அதாவது கடையில் மாட்டிக் காட்டுவார்கள். படம் வந்தால் வாரண்டி முடிந்தது.

“ஒரே ஆள் யூஸ் பண்ணது சார். காலேஜ் பையன். படிப்பு முடிஞ்சுது, குடுத்துட்டான்.” எல்லாக் கார்டையும் விற்றது அந்த ஒரே காலேஜ் பையன்தான். அவன் நன்றாக இருக்கட்டும்.

உண்மையில் பல 580-களின் பூர்வாசிரமம் வேறு. 2017-லும், பிறகு 2020-லிருந்தும் ஈத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கம்ப்யூட்டரில் தோண்டுகிற பைத்தியம் உலகைப் பிடித்தது. அதற்கு வேகமான மெமரி வேண்டும். 580-இல் நொடிக்கு 256 ஜிபி மெமரி வழியே பாயும், 1060-இல் 192. விலைக்குப் பார்த்தால் 580 கற்பக விருட்சம். 2020 கடைசியில், தோண்டுவதற்கு வேண்டிய கோப்பு நாலு ஜிபியைத் தாண்டிப் பெருத்தபோது நாலு ஜிபி கார்டுகள் கழன்றுகொண்டன. எட்டு ஜிபி 580-க்கு அந்தப் பாக்கியமும் இல்லை. கம்பிச் சட்டத்தில் வரிசையாகத் தொங்கி, இரவு பகலாக உழைத்தது. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி ஈத்தீரியம் முறையை மாற்றி, கார்டு வைத்துத் தோண்டுவதை ஒரே நாளில் ஒழித்தது. மொத்தப் பேரும் வேலை இழந்து சந்தைக்கு வந்தார்கள். நமக்கு மலிவாகக் கிடைப்பது அதனால்தான்.

தோண்டிய கார்டு என்றால் தொடக்கூடாது என்பதும் இல்லை. தோண்டுகிறவர்கள் கரண்டு மிச்சத்துக்காகச் சில்லின் வேகத்தைக் குறைத்தே ஓட்டுவார்கள். தேய்வது ஃபேன், காய்வது தெர்மல் பேஸ்ட்டும் பேடும். இவற்றை மாற்றிவிடலாம். பார்க்கவேண்டியது கார்டுக்குள் எழுதிவைத்திருக்கும் பயாஸ் என்ற சாஃப்ட்வேரை. தோண்டுவதற்காக மாற்றி எழுதிய பயாஸோடு வந்த கார்டில் டிரைவர் ஏறாமல் மக்கர் செய்யும். சில 580-களின் முதுகில் பயாஸ் மாற்ற ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கிறது. அதைத் தள்ளிப் பார்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். கடைக்காரரிடம் வீடியோ ஓட்டிக் காட்டச் சொல்வதில் பயனில்லை. வீடியோ யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஒரு கனமான விளையாட்டையோ டெஸ்டையோ கால்மணி நேரம் ஓட்டச் சொல்லவேண்டும். கடைக்காரர் முகம் அந்தக் கால்மணி நேரத்தில் எப்படி மாறுகிறது என்பதும் ஒரு பென்ச்மார்க்தான்.

அடுத்தது ஆள்மாறாட்டம். 2018-இல் சீனச் சந்தைக்கு என்று ‘ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி’ வந்தது. பெயர் 580, உள்ளே இருப்பது 2048 கரு, அதாவது ஆர்எக்ஸ் 570. நாளடைவில் அது உலகம் முழுக்க வந்து சேர்ந்தது, வரும்போது பெயரின் பின்பாதியை வழியிலேயே உதிர்த்துவிட்டது. மாப்பிள்ளையை மட்டம் தட்ட இதை அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தேன், அவன் என் பக்கத்து அழுக்கை எடுக்கும் வரை. 1060-இலும் மூன்று ஜிபி என்று ஒன்று உண்டு. மெமரி பாதி மட்டும் இல்லை. கருவும் 1280-க்குப் பதில் 1152. அதற்கு வேறு பெயர் வைத்திருக்கவேண்டும். வைக்கவில்லை. கம்பெனிகள் இரண்டும் எதில் போட்டி போட்டாலும் இதில் ஒற்றுமையாக இருந்திருக்கின்றன. அதனால் ஜிபியு-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரைப் பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போகவேண்டும். 580 என்றால் 2304 இருக்கிறதா, 1060 என்றால் 1280 இருக்கிறதா என்று பார்க்காமல் பணத்தை எடுக்கக்கூடாது.

இத்தனைக்கும் பிறகு வாங்கிவந்தால் வயது என்று ஒன்று இருக்கிறது. 1060 ஒரு காலத்தில் ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையின் கணக்கெடுப்பில் பல வருஷம் முதலிடத்தில் இருந்த கார்டு. 2022 கடைசியில்தான் இறங்கியது. சைபர்பங்க் 2077 விளையாட்டு 2020-இல் வந்தபோது ‘சிபாரிசு’ வரிசையில் 1060 இருந்தது. 2023-இல் அதே விளையாட்டு பட்டியலைத் திருத்தியது. அதே 1060 ‘குறைந்தபட்சம்’ வரிசைக்கு இறங்கியிருந்தது. பக்கத்தில் பார்த்தால் 580 எட்டு ஜிபி. 2024-இல் வந்த பிளாக் மித்: வுகாங் பட்டியலிலும் குறைந்தபட்சத்துக்கு இதே இரண்டு பேர்தான், நடுவில் ஒரு சாய்ந்த கோடு மட்டும். நாங்கள் இத்தனை வருஷம் போட்ட சண்டையை அந்த விளையாட்டுக்காரர்கள் ஒரு கோட்டில் முடித்துவிட்டார்கள்.

சில கதவுகள் இரண்டுக்குமே சாத்தியாயிற்று. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டுக்கு, ஒளியையும் நிழலையும் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் வன்பொருள் கட்டாயம், இருவருக்கும் இல்லை. 2019-இல் என்விடியா ஒரு டிரைவர் மூலம் 1060-லும் ரே டிரேசிங்கைத் திறந்துவிட்டது என்று சொல்லி அவனை ஒருமுறை மடக்கப் பார்த்தேன். ஓட்டிக் காட்டச் சொன்னான். ஓட்டினேன். நிழல்கள் அற்புதம். ஒவ்வொரு படத்தையும் நின்று நிதானமாக ரசிக்க முடிந்தது.

டிரைவர் விஷயமும் அப்படித்தான். ஏஎம்டி 2023 கடைசியிலேயே போலாரிஸ் கார்டுகளைத் தனி டிரைவருக்கு ஒதுக்கி, அவசியமான திருத்தம் மட்டும்தான் என்றது. நான் துள்ளினேன். 2025 அக்டோபரோடு என்விடியாவும் 1060-க்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவரை நிறுத்தியது. 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். அவன் துள்ளினான். அவன் துள்ளலுக்குக் கூடுதல் காரணம் இருந்தது. என் கார்டுக்கு ஆதரவு தந்த கடைசி டிரைவர் வரிசையின் எண் 580. “அத்தான், கடைசிக் காலத்துல யார் தோள் குடுத்தாப் பாத்தீங்களா?” என்றான். அதோடு விட்டானா? ஏஎம்டி 2021-இல் கொண்டுவந்த எஃப்எஸ்ஆர், படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கி எஃப்பிஎஸ்ஸைக் கூட்டும் வித்தை, என் கார்டிலும் வேலை செய்கிறது. என்விடியாவின் சொந்த வித்தையான டிஎல்எஸ்எஸ் என் கார்டில் வேலை செய்யாது. அதற்கு ஆர்டிஎக்ஸ் வரிசைக் கார்டு வேண்டும். அதாவது என் கார்டு இன்றைக்கும் புது விளையாட்டு ஓட்டுகிறதென்றால் அது மாப்பிள்ளை வீட்டுச் சீர்.

போன தீபாவளிக்கு எதிர்வீட்டுப் பையன் வந்தான். கல்லூரி முதல் வருஷம். பகுதிநேர வேலையில் சேர்த்த பணம் கையில். “அங்கிள், 1060 வாங்கட்டுமா, 580 வாங்கட்டுமா? ரெண்டும் ஒரே விலைக்குக் கிடைக்குது.”

இதற்காகவே காத்திருந்தவர்கள் மாதிரி இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். நான் “580 வாங்குப்பா” என்றேன். அவன் “1060 வாங்கு தம்பி” என்றான்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் கட்சி மாறவில்லை. ஆறு ஜிபி எந்த இடத்தில் மூச்சு முட்டும் என்று எனக்குத் தெரியும். 185 வாட் மே மாதத்தில் என்ன செய்யும், எத்தனை பொருள் மாற்றச் சொல்லும் என்று அவனுக்குத் தெரியும். வருஷக்கணக்காகத் தன் கார்டை உசத்திப் பேசியவனுக்குத்தான் அதன் குறைகள் அத்தனையும் மனப்பாடம். அடுத்தவன் கார்டைப் பற்றி அறிந்ததெல்லாம் வெறும் புள்ளிவிவரம். புள்ளிவிவரத்தில் சூடு கிடையாது, சத்தம் கிடையாது, கரண்டு பில் கிடையாது.

இருவரும் சேர்ந்து ஒருவழியாகப் பையனுக்கு ஒரு தீர்ப்புச் சொன்னோம். நல்ல கம்பெனியின் 500 வாட் எஸ்எம்பிஎஸ் ஏற்கெனவே இருக்கிறதா? 2304 கரு உள்ள எட்டு ஜிபி 580 எடு, வோல்டேஜைக் குறைத்து ஓட்டு. பழைய எஸ்எம்பிஎஸ்தான், மாற்றப் பணம் இல்லையா? ஆறு ஜிபி 1060 எடு. மூன்று ஜிபியை இலவசமாகக் கொடுத்தாலும் யோசி. விலையில் ஆயிரம் ரூபாய் வித்தியாசம் வந்தால் மலிவானதை எடு. நாலு ஃப்ரேமுக்கு ஆயிரம் ரூபாய் பெறாது.

பையன் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டான். எழுந்து போகும்போது வாசலில் நின்று கேட்டான்: “அங்கிள், உங்களுக்கு அவர் கார்டு பிடிச்சிருக்கு. அவருக்கு உங்க கார்டு பிடிச்சிருக்கு. ரெண்டு பேரும் மாத்திக்கலாமே?”

நியாயமான யோசனை. இருவரும் ஒத்துக்கொண்டோம். ஸ்குரூ டிரைவர்கூட எடுத்துவந்தாயிற்று. அப்போதுதான், இரண்டு கார்டும் ஒரே மதிப்பு இல்லையே, மாற்றிக்கொண்டால் யார் யாருக்கு மேற்கொண்டு எவ்வளவு தரவேண்டும் என்று அவன் கேட்டான். அவன் எனக்குத் தரவேண்டும் என்று நான் சொன்னேன். அடுத்த பொங்கலுக்கும் அவன் கம்ப்யூட்டரோடுதான் வருகிறான்.